“நான் சூதாடுவதில்லை, தோழர்!”

2025 அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, திருப்பூரில் நமது சங்க அலுவலகத்துக்கு 14 வாலிபர்கள் வந்தார்கள். எல்லோரும் பனியன் கம்பெனித் தொழிலாளர்கள். 18 வயதுக்கு மேல், 25-க்குள். பவர்டேபிளில் தைப்பவர், ஓவர்லாக் அடிப்பவர், கைமடி, செக்கிங் என்று பலவகை. கூலி உயர்வு பற்றிப் பேச அவர்களை நாம் அழைக்கவில்லை. ஒரு கேள்வித்தாளைப் படித்துக் காட்ட அழைத்திருந்தோம்.

அரசாங்க ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் வேலை பார்க்கும் டாக்டர் ஒருவர் அந்தத் தாளை நம்மிடம் கொடுத்திருந்தார். சூதாட்டப் பழக்கம் ஒருவரை எந்த அளவுக்குப் பிடித்திருக்கிறது என்று கண்டுகொள்ள மேல்நாடுகளில் உபயோகிக்கும் 9 கேள்விகள், தமிழில் பெயர்க்கப்பட்டவை. “எங்களிடம் வருகிறவர்கள் எல்லாம் தொலைந்த பிறகுதான் வருகிறார்கள். அதற்கு முன்பே கண்டுபிடிக்க வேண்டும். இந்தக் கேள்விகள் நம் பையன்களுக்குப் புரிகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்” என்றார்.

முதல் கேள்வியிலேயே வண்டி நின்றுவிட்டது. ‘கடந்த 12 மாதங்களில், இழந்தால் தாங்க முடியாத அளவுக்குப் பணம் வைத்துச் சூதாடியது உண்டா?’ 14 பேரும் ‘இல்லை’ என்றார்கள். அவர்களில் ஒருவரை நமக்கு நன்றாகத் தெரியும். தங்கையின் தோட்டை அடகு வைத்துப் பணத்தைச் செல்போனில் தொலைத்தவர். மெஸ் பாக்கிக்காக அறையைவிட்டுத் துரத்தப்பட்டபோது இரண்டு வாரம் நமது அலுவலகத்தில்தான் படுத்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்தோம். அவர் கொஞ்சமும் கூசாமல் சொன்னார்: “நான் சூதாடறதில்லீங்க தோழர். ரம்மி விளையாடினேன். அது வேறங்க.”

அந்த வாலிபர் பொய் சொல்லவில்லை என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். ‘சூது’ என்றால் அவருக்குத் தெரிந்தது, ஆற்றங்கரைப் புதரில் சீட்டுக்கட்டுடன் உட்கார்ந்து போலீஸ் வந்தால் ஓடுகிற கூட்டம். தாம் அறையில் படுத்துக்கொண்டு கையடக்கமான கண்ணாடியில் விரலால் தேய்த்தது ஒரு விளையாட்டு. அப்படித்தான் விளம்பரம் சொன்னது. சினிமா நடிகர்களும் கிரிக்கெட் வீரர்களும் அப்படித்தான் சொன்னார்கள். விளம்பரத்தின் கடைசியில் மூச்சுவிடாமல் படித்து முடிக்கப்பட்ட எச்சரிக்கை யார் காதிலும் ஏறவில்லை.

யார் கற்றுக் கொடுத்த பாடம்?

விளம்பரம் மாத்திரமா? 1967-இல் சுப்ரீம் கோர்ட்டு, ரம்மி என்பது பெருமளவுக்குத் திறமையை வேண்டுகிற ஆட்டம் என்று கூறியது. அதே தீர்ப்பு, ஆட்டத்தை நடத்துகிற வீட்டுக்காரனோ கிளப்காரனோ பந்தயப் பணத்திலிருந்து லாபம் எடுத்தால் அது குற்றமாகலாம் என்றும் கூறியது. கம்பெனிகள் முதல் பாதியைப் பொன்னெழுத்தில் பொறித்து வைத்துக்கொண்டன. இரண்டாவது பாதியை மறந்துவிட்டன. ஒவ்வொரு மேஜையிலும் கமிஷன் எடுத்ததுதான் அவர்கள் வியாபாரமே!

தமிழ்நாட்டில் 2021-இல் கொண்டுவந்த தடைச் சட்டத்தை அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னை ஹைகோர்ட்டு ரத்து செய்தது. 2022 ஜூனில் நீதிபதி சந்துரு தலைமையில் கமிட்டி அமைந்தது. அந்த ஆண்டே சட்டசபை புதிய மசோதாவை நிறைவேற்றியது. கவர்னர் அதைத் திருப்பி அனுப்பினார். சபை மறுபடி நிறைவேற்றிய பிறகு 2023 ஏப்ரலில்தான் கையெழுத்து விழுந்தது. அந்த ஆண்டு நவம்பரில் ஹைகோர்ட்டு சட்டத்தை நிற்க விட்டது. ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று சொல்லி அவற்றை அதிர்ஷ்ட ஆட்டங்களின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இதற்கிடையே 2023 அக்டோபர் முதல் டில்லி சர்க்கார், ஆடுகிறவன் கட்டும் தொகை முழுவதன் மீதும் 28 சதவீதம் ஜி.எஸ்.டி. வாங்கத் தொடங்கியது. கோர்ட்டு திறமை என்கிறது, சர்க்கார் வரி வாங்குகிறது, நடிகர் சிரிக்கிறார். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு உசிலம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்த பையன் மாத்திரம் அதைச் சூது என்று ஒப்புக்கொள்ள வேண்டுமா?

சர்க்கார் இந்த வியாபாரத்தில் கை நனைப்பது புதிதும் அல்ல. தமிழக அரசே 1968-இல் பரிசுச் சீட்டைத் தொடங்கியது. 2003 ஜனவரியில் லாட்டரி தடை செய்யப்படும்வரை, சனிக்கிழமைச் சம்பளக் கவரை அப்படியே சீட்டுக் கடையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகப் பயந்து நின்றவர்களை நமது வாலிப வயதில் பார்த்திருக்கிறோம். அவர்களும் தங்களைச் சூதாடிகள் என்று சொல்லிக்கொண்டது கிடையாது.

ஆகவே ‘சூதாட்டம்’ என்ற சொல் கேள்வித்தாளில் இருக்கும் வரையில், நமது வாலிபர்களிடம் அந்தத் தாள் குருடாகவே இருக்கும். இதுதான் அன்று நாம் கற்ற முதல் பாடம்.

கேள்விகள் எங்கிருந்து வந்தன

இந்தக் கேள்விப் பட்டியல்களுக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1957-இல் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்தில், சூதாட்டத்தால் சீரழிந்தவர்களே கூடி ஒருவருக்கொருவர் துணையாக ஒரு சங்கம் அமைத்தார்கள். அவர்களுடைய பட்டியலில் 20 கேள்விகள். ஏழுக்காவது ‘ஆம்’ என்றால் ஜாக்கிரதை என்பது கணக்கு. அதன் முதல் கேள்வியே, இதனால் வேலை நேரமோ படிப்பு நேரமோ கெட்டதா என்பது. பட்டவர்கள் எழுதியது என்பது படித்தவுடனே தெரிகிறது.

டாக்டர்களின் பட்டியல் பிறகு வந்தது. 1987-இல் நியூயார்க் மாகாணத்தில் சவுத் ஓக்ஸ் என்ற ஆஸ்பத்திரியில் லெசியர், புளூம் என்ற இருவர் தயாரித்தது உலகமெங்கும் பரவியது. 5 மதிப்பெண்ணோ அதற்கு மேலோ எடுத்தால் நோய் இருக்கலாம் என்று அர்த்தம். யாரிடம் கடன் வாங்கினாய் என்று அதில் ஒரு நீண்ட வரிசை வருகிறது: மனைவியிடமா, பாங்கியிலா, கிரெடிட் கார்டிலா, பங்குப் பத்திரங்களை விற்றா, பணமில்லாத செக் கொடுத்தா என்று. பங்குப் பத்திரம் என்றதும் நமது பையன்கள் சிரித்த சிரிப்பை அந்த ஆசிரியர்கள் கேட்டிருக்க வேண்டும்!

1997-இல் இரண்டே கேள்விகளில் முடிக்கலாம் என்றார்கள்: எவ்வளவு வைத்து ஆடினாய் என்பதை வேண்டியவர்களிடம் மறைத்துப் பொய் சொன்னாயா? மேலும் மேலும் அதிகப் பணம் வைக்க வேண்டும் என்று தோன்றியதா? 2001-இல் கனடாவில் தயாரானதுதான் டாக்டர் நம்மிடம் கொடுத்த 9 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து 3 வரை மதிப்பெண். 8 வந்தால் அபாயம். பருவ வயதுப் பிள்ளைகளுக்கென்று 2010-இல் அதே கனடாவில் தனிப் பட்டியல் வந்தது. பள்ளிப் பிள்ளைக்கு ஒன்று, குடும்பஸ்தனுக்கு ஒன்று. முதல் சம்பளமும் முதல் செல்போனும் முதல் பாங்கிக் கணக்கும் ஒன்றாகக் கைக்கு வந்து, கணக்குக் கேட்க மனைவியோ தாயோ பக்கத்தில் இல்லாத 20 வயதுத் தொழிலாளி இரண்டுக்கும் நடுவில் விழுந்து கிடக்கிறார்.

இவையெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு, தூக்கி எறியுங்கள் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது மடமை. அந்தக் கேள்விகளில் பல நமது பையன்களை நேராகத் தொட்டன. சொல்லை மாற்றியவுடன் தொட்டன. மொழிபெயர்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதைத்தான் நாம் ஆட்சேபிக்கிறோம்.

ஓர் உதாரணம். ‘இழந்த பணத்தை மீட்பதற்காக இன்னொரு நாள் திரும்பப் போய் ஆடினீர்களா?’ என்பது அந்தத் தாளின் மூன்றாவது கேள்வி. குதிரைப் பந்தயத்துக்கும் காசினோவுக்கும் போய்வருகிறவனை மனதில் வைத்து எழுதியது. ஒரு பையன் கேட்டார்: “எதுக்குங்க இன்னொரு நாள்? அடுத்த நிமிஷமே போட்டுருவோம்.” பட்டியலின்படி அவருக்கு மதிப்பெண் பூஜ்யம். மற்றொன்று: ‘உங்கள் குடும்பத்துக்குப் பணக் கஷ்டம் வந்ததா?’ குடும்பம் தேனி மாவட்டத்தில் இருக்கிறது. இங்கே இருப்பது ஓர் அறை, ஐந்து பேர், ஒரு மண்ணெண்ணெய் டின். ஊருக்கு அனுப்ப வேண்டிய 3,000 ரூபாய் மூன்று மாதமாகப் போகவில்லை. ‘வேலை டல்’ என்று வீட்டில் சொல்லியிருக்கிறார். அவர் அதைக் குடும்பக் கஷ்டம் என்று எண்ணவில்லை, தம் கஷ்டம் என்று எண்ணுகிறார்.

கடன் விஷயம் இன்னும் விநோதம். ‘கடன் வாங்கினீர்களா?’ என்றால் பெரும்பாலோர் இல்லை என்கிறார்கள். கான்டிராக்டரிடம் வாங்கிய அட்வான்ஸ் கடனாகாது, அது கழிந்துவிடும். செல்போனில் ஆதார் நம்பரைத் தட்டியதும் வந்த 5,000 கடனாகாது, அது ‘ஆப்’. ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தது கடனாகாது. அது சொந்தச் சீட்டு. அறைத் தோழன் மெஸ்ஸுக்குக் கட்டச் சொல்லிக் கொடுத்த பணம் கடனாகாது, அது கைமாற்று. ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்டபோது 14 பேரில் 9 பேர் கை தூக்கினார்கள்.

இதைப் பற்றி கியூபெக்கில் ஒரு நல்ல ஆராய்ச்சி நடந்தது. லடூசர் முதலியோர் 2000-இல் வெளியிட்டது. சவுத் ஓக்ஸ் பட்டியலுக்குப் பதில் சொன்னவர்கள், சிறுவரும் பெரியவரும், கேள்விகளில் பலவற்றைத் தவறாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். அர்த்தத்தை விளக்கி மறுபடி கேட்டதும் மதிப்பெண் குறைந்துவிட்டது. அங்கே புரியாமை கணக்கை ஏற்றிக் காட்டியது. இங்கே நாம் பார்த்ததோ நேர் எதிர்: புரியாமை கணக்கை அடியோடு மறைக்கிறது. 14 பேரை வைத்து விஞ்ஞானம் பேச முடியாது என்பது நமக்குத் தெரியும். நாம் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவர்கள். ஆனால் ஒரு கேள்வி புரிகிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள 14 பேர் போதும்.

ஒரு சுயவிமர்சனமும் செய்துகொள்ள வேண்டும். அந்த 14 பேரில் ஒரு பெண் தொழிலாளிகூட இல்லை. பாதிக் கம்பெனி பெண்களால் ஓடுகிற ஊரில், ‘பெண்கள் இதெல்லாம் ஆடமாட்டார்கள்’ என்று நாமே முடிவு கட்டிவிட்டோம். ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்திருக்கும் வாலிபர்களையும் அழைக்கவில்லை. அவர்களுக்குத் தமிழ்த் தாள் எதற்கு உதவும்?

யார் கையில் இந்தத் தாள்?

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியமானது. ஒரு கணக்குப் போடுவோம். 1,000 வாலிபர்களில் 30 பேருக்கு உண்மையிலேயே இந்த நோய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நமது தாள் நல்ல தாள். நோயுள்ள 100 பேரில் 90 பேரைப் பிடிக்கும், நோயில்லாத 100 பேரில் 90 பேரைச் சரியாக விட்டுவிடும் என்றும் வைத்துக்கொள்வோம். என்ன ஆகும்? 30-இல் 27 பேர் பிடிபடுவார்கள். மீதி 970-இல் 97 பேர் மேல் தவறாகப் புள்ளி விழும். ஆக 124 பேரைத் தாள் காட்டுகிறது. அவர்களில் 97 பேருக்கு நோயே கிடையாது! எல்லைக்கோட்டை உயர்த்தினால் தவறாகப் பிடிபடுவோர் குறைவார்கள், தப்பிப் போகும் நோயாளிகள் கூடுவார்கள். இந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதற்காகத்தான் தாளுக்குப் பதில் சொன்னவர்களை, அவர்கள் மதிப்பெண் தெரியாத டாக்டர் தனியே உட்கார வைத்துப் பேசிப் பார்த்து, இரண்டையும் ஒப்பிட வேண்டியிருக்கிறது. அவசரத்தில் முடிகிற காரியம் அல்ல.

டாக்டர் கையில் இருந்தால் அந்த 97 பேருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. அரைமணி நேரம் பேசிவிட்டு ‘போய்வா தம்பி’ என்பார். அதே தாள் கம்பெனி நிர்வாகத்தின் கையில் இருந்தால்? வேலைக்கு வரும்போதே வாசலில் வைத்து நிரப்பச் சொன்னால்? 124 பேரும் வெளியே நிற்பார்கள். உண்மையான 27 பேர் அடுத்த கம்பெனியில் பொய்யாக நிரப்பக் கற்றுக்கொள்வார்கள். ஆகவே நமது கோரிக்கை ஒன்றுதான்: தாளில் பெயர் எழுதும் இடமும், கம்பெனிப் பெயர் எழுதும் இடமும் இருக்கக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்க நாம் தயாரில்லை.

பணம் யார் கொடுப்பது என்பதிலும் கண் வேண்டும். பிரிட்டனில் சூதாட்டத் தீமை பற்றிய ஆராய்ச்சிக்கும் சிகிச்சைக்கும் பல ஆண்டுகள் பெரும்பகுதிப் பணம், சூதாட்டக் கம்பெனிகள் இஷ்டப்பட்டுக் கொடுத்த நன்கொடையாகவே வந்தது. 2025 ஏப்ரலில்தான் அதைச் சட்டப்படி கட்டாய வசூலாக மாற்றினார்கள். நன்கொடையில் எழுதிய கேள்விகள் எல்லாம் பொய் என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் அந்த 9 கேள்விகளையும் மறுபடி வாசித்துப் பாருங்கள். நீ அதிகம் வைத்தாயா, நீ கடன் வாங்கினாயா, உனக்குக் குற்ற உணர்வு வந்ததா என்று எல்லாம் ‘நீ’. இரவு ஒரு மணிக்கு ‘உங்களுக்காக 500 ரூபாய் போனஸ் காத்திருக்கிறது’ என்று செய்தி அனுப்பியது யார் என்று ஒரு கேள்விகூட இல்லை. இதற்கு மதிப்பெண் போட வேண்டாம். ஆனால் கேட்க வேண்டும். பத்து நாள் ஆடாமல் இருந்தவனை எது திரும்ப இழுத்தது என்று தெரியாமல் டாக்டர் எப்படி மருந்து சொல்வார்?

அன்று மத்தியானம் வரையில் பையன்களே சில கேள்விகளைச் சொன்னார்கள். சனிக்கிழமை வாங்கிய சம்பளத்தில் ஞாயிறு ராத்திரி எவ்வளவு மிச்சம்? ராத்திரி ஆடிவிட்டுக் காலையில் மிஷினில் தூங்கியது உண்டா? (இதைச் சொன்னவரின் ஆள்காட்டி விரலில் ஊசி இறங்கிய தழும்பு இருந்தது. தூக்கம் கெட்டதா என்ற கேள்வி 1957-இல் தோன்றிய அந்தச் சங்கத்தின் பட்டியலில் இருக்கிறது. பிந்திய பட்டியல்களில் காணோம்.) எல்லாவற்றிலும் சிறந்ததை ஒரு கைமடிப் பையன் சொன்னார்: “அந்த ஆப்பை எத்தனை தடவை அழிச்சிட்டு மறுபடி ஏத்துனேன்னு கேளுங்க.” நிறுத்த முயன்று தோற்றதுண்டா என்று டாக்டர் புத்தகங்கள் சுற்றி வளைத்துக் கேட்பதை அவர் ஒரே வரியில் கேட்டுவிட்டார். அவருடைய சொந்தக் கணக்கு 11 தடவை.

இப்போது இதெல்லாம் எதற்கு, 2025 ஆகஸ்டில் பார்லிமெண்டே சட்டம் போட்டு, திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவும் கூடாது என்று சொல்லிவிட்டதே என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். பெரிய கம்பெனிகள் பண ஆட்டத்தை நிறுத்தியது உண்மை. அது நல்லதே, முன்பே செய்திருக்க வேண்டும். ஆனால் கடையை மூடினால் கடன் மூடிவிடுமா? கடை இருந்தபோது பையன் பெருமையாக ஆடினான்; இப்போது யாரோ அனுப்பிய சுட்டி வழியாக, கடல் கடந்த ஏதோ ஒரு தளத்தில், கலர் கண்டுபிடிக்கும் ஆட்டத்தை ஒளித்து ஆடுகிறான். பகிரங்கமாக ஆடியவனைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஒளிந்து ஆடுகிறவனைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

கூட்டம் முடிந்து எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, நாம் முதலில் சொன்ன அந்த வாலிபர் மாடிப்படியில் நின்றார். “எல்லாம் கேட்டீங்க தோழர். ஒண்ணை மட்டும் கேக்கலையே” என்றார். எதைத் தம்பி என்றோம். பதில் சொல்லாமல் நின்றார். நமக்குப் புரிந்தது.

லாஸ் ஏஞ்சலீஸில் தோன்றிய சங்கத்தின் பட்டியலில் 20-ஆவது கேள்வி அதுதான்: இதனால் உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணியது உண்டா? 1987-ஆம் ஆண்டுத் தாளிலும் 2001-ஆம் ஆண்டுத் தாளிலும் அது இல்லை. மதிப்பெண் கணக்குக்கு அது தேவைப்படாமல் இருக்கலாம். ஆனால் தமிழ்நாட்டில் தடைச் சட்டம் வந்ததற்கே வாலிபர்களின் சாவுகள்தாம் காரணம் என்னும்போது, நமது தாளில் அதைக் கேட்காமல் விட நமக்கு மனம் வரவில்லை. கேட்டால் அந்த எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்று நாம் பயந்தோம். அப்படி ஆகாது, கேட்டால் பாரம் குறையும் என்று டாக்டர் உறுதியாகச் சொன்னார். ஆனால் அவர் ஒரு நிபந்தனை போட்டார். ‘ஆம்’ என்று ஒருவர் சொன்னால் அந்த நிமிஷமே பக்கத்தில் உட்கார ஓர் ஆள் இருக்க வேண்டும். 14416 என்ற இலவச மனநலத் தொலைபேசிக்கு அங்கிருந்தே பேச வைக்க வேண்டும். மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். ஆள் இல்லாத இடத்தில் அந்தத் தாளையே எடுக்கக் கூடாது.

மறுநாள் திங்கட்கிழமை அந்த வாலிபருடன் நாம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஓ.பி. சீட்டு எழுதுகிறவர் ‘என்ன வியாதி?’ என்று கேட்டார். “தூக்கம் வரலீங்க” என்றார் அவர். இப்போது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போய்வருகிறார். தோடு இன்னும் அடகில்தான் இருக்கிறது. அந்தக் கேள்வியைத் தாளின் கடைசியில் வைப்பதா, நடுவில் வைப்பதா என்பதில் டாக்டருக்கும் நமக்கும் இன்னும் ஒத்துவரவில்லை. கடைசியில் வைத்தால் அங்கே வருவதற்குள் பலர் எழுந்து போய்விடுகிறார்கள் என்பது நமது அபிப்பிராயம்.